சொகுசு கப்பலில் முதல் பயணமா? டிக்கெட்டோடு செலவு முடியாது!

சென்னை துறைமுகத்தில் இருந்து 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் சொகுசு கப்பல் சுற்றுலா தொடங்கப்பட்டது. இதில் போக ஆசைப்படுபவர்கள் டிக்கெட் காசை மட்டும் கணக்கு போட்டால், இறங்கும்போது பில்லை பார்த்து தலை சுற்றி விடும்.

புக்கிங் செய்யும்போதே வரி, துறைமுக கட்டணம், டிப்ஸ் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டு விட வேண்டும். பொதுவாக ஜன்னல் இல்லாத உள் அறைதான் விலை குறைவு.

அறை, பொது உணவகத்தில் சாப்பாடு ஆகியவை பெரும்பாலும் டிக்கெட்டில் அடங்கும். மதுபானம், வைபை, மசாஜ் எல்லாம் தனி. இவற்றை அறை அட்டையை காட்டியே வாங்கலாம் என்பதால் காசு கரைவது தெரியாது. தினமும் கவுண்டரில் கணக்கு பார்ப்பது நல்லது.

நடுக்கடலில் செல்போன் கப்பலின் செயற்கைக்கோள் சிக்னலை பிடித்தால் ரோமிங் பில் எகிறும். ஏறியதும் 'பிளைட் மோடு' போட்டு விடுங்கள்.

ஊர் சுற்ற ஆட்டோ பிடித்தால் செலவு மிச்சம். ஆனால் நேரத்துக்கு திரும்பாவிட்டால் கப்பல் காத்திருக்காது!