பொட்டலத்தில் என்ன மருந்து?

2025 மே 1 முதல் மலேசியாவில் தனியார் கிளினிக்கும் மருந்தகமும் தாங்கள் விற்கும் மருந்தின் விலையை மக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். அடுத்த சில நாளிலேயே, மே 6ஆம் தேதி, மருத்துவர்கள் புத்ராஜெயாவில் ஊர்வலம் போனார்கள். தங்கள் ஆலோசனைக் கட்டணம் 1992 முதல் 10 வெள்ளிக்கும் 35 வெள்ளிக்கும் இடையிலேயே நின்றுபோயிருக்க, மருந்து விலையை மட்டும் பலகையில் எழுதச் சொல்வது என்ன நியாயம் என்பது அவர்கள் ஆதங்கம். அதில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தச் சத்தத்தில் நோயாளிக்கு அதைவிட முக்கியமான ஒன்று அமுங்கிப்போனது. விலை கேட்பதற்கு முன் பெயர் கேட்க வேண்டும். வாங்கிப் போகிற மாத்திரைக்கு என்ன பெயர்?

கிள்ளான் பள்ளத்தாக்கில் தும்மலுக்கும் அரிப்புக்கும் பஞ்சமில்லை. நம் வெக்கையும் ஈரப்பதமும் மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிச் சிற்றுண்ணிகளுக்கு வெகு பிடித்தம். இந்நாட்டில் மூக்கு அலர்ஜிக்கு முதல் காரணம் அவைதான். போதாக்குறைக்குப் புகைமூட்டம். கரிமண் காடு எரியும் காலத்தில் கிள்ளான் ஜொஹான் செத்தியாவின் காற்றுத் தரக் குறியீடு செய்தியாகிவிடும். காலையில் எழுந்ததும் பத்துத் தும்மல் போட்டால் "சைனஸ்" என்று நாமே பெயர் வைத்துக்கொண்டு பக்கத்துக் கிளினிக்குக்குப் போகிறோம். திரும்பும்போது கையில் மூன்று பிளாஸ்டிக் பொட்டலம். "உபாட் செல்செமா", "உபாட் பாத்தோக்", "உபாட் கத்தால்". சளிக்கு, இருமலுக்கு, அரிப்புக்கு. மூன்றும் மூன்று மருந்து என்றுதான் யாரும் நினைப்பார்கள். சில சமயம் மூன்றிலும் இருப்பது ஒரே இனத்து மருந்து.

அந்த இனத்தின் பெயர் ஆன்டிஹிஸ்டமின். ஒவ்வாத பொருள் பட்டதும் உடம்பு ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தை வெளியிடுகிறது. மூக்கு ஒழுகுவதும் தோல் தடிப்பதும் அதன் வேலை. ஹிஸ்டமின் போய் உட்காரும் இடத்தை இந்த மாத்திரை முந்திக்கொண்டு அடைத்துவிடுகிறது. பழைய தலைமுறை மருந்துகள், அதாவது பிரிட்டோன் என்று நாம் அறிந்த குளோர்பெனிரமின், பெனெர்கன் என்ற புரோமெத்தசின், இருமல் மருந்துகளில் வரும் டைஃபென்ஹைட்ரமின் ஆகியவை, மூளைக்குள்ளும் நுழைந்துவிடும். அதனால்தான் தூக்கம். புதிய தலைமுறையான லோரட்டடின், செட்டிரிசின், ஃபெக்சோஃபெனடின், பிலாஸ்டின் முதலியவை மூளைக்குள் அதிகம் போவதில்லை. அவற்றிலும் செட்டிரிசின் சிலரைத் தூங்கவைக்கும்.

இப்போது அந்த மூன்று பொட்டலத்துக்கு வருவோம். சளி மாத்திரையில் குளோர்பெனிரமின், இருமல் மருந்தில் டைஃபென்ஹைட்ரமின், அரிப்புக்கு இன்னொன்று. வீட்டு அலமாரியில் போன மாதம் வாங்கிய மஞ்சள் மாத்திரை வேறு. நான்கையும் விழுங்கிய பெரியவர் நடுராத்திரியில் கழிவறைக்கு எழுந்து தடுமாறி விழுந்தால் குடும்பம் வயசைக் குறை சொல்லும். பழைய தலைமுறை மருந்துகள் வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், புரோஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீரை அடைத்துவிடும், கண் அழுத்தநோய் உள்ளவருக்கு ஆபத்தாகும், முதியவருக்குக் குழப்பமும் மறதியும் உண்டாக்கும். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிடும் பீர்ஸ் பட்டியல், 65 வயதைக் கடந்தவருக்கு இவற்றைத் தவிர்க்கும்படி சொல்லி வெகுகாலம் ஆகிறது.

அரிப்பு மாத்திரையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஆன்டிஹிஸ்டமினோடு பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவதுண்டு. அரிப்பு மாயமாய் மறையும். கூடவே சர்க்கரை ஏறும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று கண்டது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நம் வீடுகளில் "அந்த டாக்டர் கொடுத்த மாத்திரை கேட்டுச்சு, அதையே வாங்கிட்டு வா" என்று பிள்ளையை அனுப்பும் பழக்கத்தை இந்த எண்ணோடு சேர்த்துப் பாருங்கள். நீரிழிவு நெடுநாள் இருந்து சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. செட்டிரிசின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. அவருக்கு வழக்கமான 10 மில்லிகிராம் அதிகம். அளவைக் குறைத்துத் தர வேண்டும். உங்கள் சிறுநீரகம் எப்படி இருக்கிறதென்று மருந்தாளருக்கு நீங்கள் சொன்னால்தானே தெரியும்?

வண்டி ஓட்டுகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். போர்ட் கிள்ளானுக்குக் கொள்கலன் லாரி ஓட்டுபவர், கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டாரில் உணவு கொண்டுபோகும் பையன், இரவெல்லாம் வாடகைக் கார் ஓட்டும் அண்ணன், எல்லாருக்கும் சேர்த்துத்தான். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 40 பேரை வாகன ஓட்டப் பாவனைக் கருவியில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். ஒரு தடவை 50 மில்லிகிராம் டைஃபென்ஹைட்ரமின், ஒரு தடவை 60 மில்லிகிராம் ஃபெக்சோஃபெனடின், ஒரு தடவை இரத்தத்தில் சுமார் 0.1 விழுக்காடு ஏறும் அளவுக்கு மது, ஒரு தடவை மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. டைஃபென்ஹைட்ரமின் உண்டவர்களின் ஓட்டம் மது அருந்தியபோது இருந்ததைவிட மோசம். மலேசியாவில் 2020 சட்டத் திருத்தத்துக்குப் பின் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுதான் வரம்பு. அந்தச் சோதனையில் கொடுத்தது அதைப்போல் இரு மடங்கு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபெக்சோஃபெனடின் உண்டவர்களோ வெறும் மாத்திரை உண்டவர்களைப் போலவே ஓட்டினார்கள்.

அந்த ஆய்வில் என்னை உறுத்துவது வேறு. தனக்கு எவ்வளவு தூக்கமாக இருக்கிறது என்று ஓட்டுநர் சொன்னதற்கும் அவர் எவ்வளவு மோசமாக ஓட்டினார் என்பதற்கும் ஒட்டு மிகக் குறைவு. "எனக்கெல்லாம் தூக்கம் வராதுங்க, பழகிப்போச்சு" என்பவரின் பேச்சை நம்ப முடியாது என்று பொருள். குளோர்பெனிரமின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். இரவு போட்ட மாத்திரை மறுநாள் காலை ஆறு மணி ஷிப்டுக்கும் கூடவே வரும். வண்டியும் இயந்திரமும் உங்கள் பிழைப்பு என்றால் அதை மருத்துவரிடம் வாயைத் திறந்து சொல்லுங்கள். தூக்கம் தராத மருந்தைக் கேளுங்கள். மது, தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை இவற்றோடு பழைய தலைமுறை மருந்து சேரவே கூடாது.

மருந்தும் மருந்தும் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த இனத்திலேயே வரலாறு இருக்கிறது. தூக்கம் தராத முதல் அலர்ஜி மாத்திரை என்று டெர்ஃபெனடின் 1985இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது ஏகப்பட்ட வரவேற்பு. வயிற்றுக்குள் போனதும் கல்லீரல் அதை ஃபெக்சோஃபெனடினாக மாற்றிவிடும். பலன் தருவது அந்த மாறிய பொருள்தான். எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியையோ கீட்டோகொனசோல் என்ற பூஞ்சை மாத்திரையையோ கூடவே உண்டவருக்குக் கல்லீரலின் அந்த வேலை நின்றுபோனது. மாறாத டெர்ஃபெனடின் இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்தது, இறப்புகள் நேர்ந்தன. 1998இல் அது விலக்கப்பட்டது. அதே வழியில் அஸ்டெமிசோலும் 1999இல் போனது. இன்று நாம் வாங்கும் ஃபெக்சோஃபெனடின் அந்த விபத்திலிருந்து பிழைத்து வந்த பாதி. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: ஆரஞ்சு, ஆப்பிள் சாற்றோடு விழுங்கினால் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. வெறும் தண்ணீர் போதும்.

நெடுநாள் உண்பவர்களுக்குப் புதிய எச்சரிக்கை ஒன்று. செட்டிரிசினையும் லெவோசெட்டிரிசினையும் மாதக்கணக்கில் தினமும் உண்டு, திடீரென நிறுத்தியவர்களில் சிலருக்கு உடம்பெல்லாம் கடும் அரிப்பு வந்ததாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2025 மே மாதம் அறிவித்தது. உலகளவில் 209 பேர். கோடிக்கணக்கானோர் உண்ணும் மருந்துக்கு அது அபூர்வம்தான். ஆனால் நிறுத்தியதும் அரிப்பு வந்தால் "அலர்ஜி திரும்பிவிட்டது" என்று மறுபடி ஆரம்பித்து ஆயுள் முழுக்க ஓட்டாமல், மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வழி கேட்கலாம். மூக்கடைப்பே பெரிய தொல்லை என்றால் மாத்திரையைவிட மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்து நன்றாகக் கேட்கும். அதையும் கேட்டுப் பாருங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் சுருக்கமாகவே சொல்கிறேன். 2 வயதுக்குக் கீழ் சளி, இருமல் மருந்து வேண்டாம்; புரோமெத்தசின் அந்த வயதில் மூச்சையே அடக்கிவிடும். ஈப்போவுக்குக் காரில் போகும்போது பிள்ளை தூங்கட்டுமே என்று ஒரு கரண்டி ஊற்றுவதை மருந்து கொடுப்பது என்று சொல்ல முடியாது.

பூலாவ் கெத்தாமில் நண்டு சாப்பிட்டு உதடும் நாக்கும் வீங்கி, மூச்சு இழுத்து, தலை சுற்றினால் ஆன்டிஹிஸ்டமின் காப்பாற்றாது. மாத்திரை வேலை செய்ய நேரம் பிடிக்கும். அந்த நேரம் நோயாளியிடம் இல்லை. தொடைத் தசையில் அட்ரினலின் ஊசி போட வேண்டிய நிலை அது. 999ஐ அழையுங்கள். மாத்திரை கொடுத்துவிட்டோமே என்று காத்திருப்பதில்தான் உயிர் போகிறது.

இனி உரிமை. 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் மருந்துகளைப் பிரிவு பிரிவாக வகுக்கிறது. பி பிரிவு மருந்துக்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். பெரும்பாலான ஆன்டிஹிஸ்டமின்கள் சி பிரிவில் வருகின்றன. பதிவுபெற்ற மருந்தாளர் சீட்டு இல்லாமலும் தரலாம், ஆனால் அவரோ அவர் நேரடி மேற்பார்வையிலோதான் தர வேண்டும், பதிவேட்டிலும் எழுத வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மருந்தகத்தில் உங்கள் பெயரையும் முகவரியையும் கேட்டால் சந்தேகப்படுகிறார்கள் என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. சட்டம் கேட்கச் சொல்கிறது. மருந்தாளர் இல்லாத நேரத்தில் கடைப்பையன் எடுத்துத் தருகிறானே, அதுதான் தவறு. மளிகைக்கடை, இரவுச் சந்தை, இணையத்தில் தெரியாதவர் நடத்தும் கடை, இவற்றில் ஒன்றுக்கும் இந்த மருந்தை விற்க அனுமதி இல்லை.

கிளினிக்கோ மருந்தகமோ, பொட்டலத்தின் மேல் மருந்தின் பெயர், உங்கள் பெயர், தேதி, உண்ணும் முறை, கொடுத்தவரின் பெயரும் முகவரியும், "உபாட் தெர்காவால்" என்ற எச்சரிக்கை எல்லாம் இருக்க வேண்டும். "உபாட் செல்செமா" என்று மட்டும் எழுதியிருந்தால் அங்கேயே, முகப்பில் இருக்கும் பெண்ணிடமே, "தங்கச்சி, மருந்தோட பேரை எழுதிக் கொடும்மா" என்று கேளுங்கள். கேட்பதற்கு வெட்கமும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். மருத்துவர் மருந்துச் சீட்டை மட்டும் எழுதித் தர, நீங்கள் வேறு மருந்தகத்தில் வாங்கிக்கொள்ளவும் உரிமை உண்டு. விலைப் பட்டியல் வந்த பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதும் எளிது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளியில் இதே மருந்துகள் கிடைக்கின்றன என்பதையும் மறந்துவிடுகிறோம்.

அட்டையோடு வாங்கினால் "எம்ஏஎல்" என்று தொடங்கி 8 இலக்கம் கொண்ட பதிவு எண்ணைத் தேடுங்கள். இலக்கங்களை அடுத்து "ஏ" என்ற எழுத்து வந்தால் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து, "எக்ஸ்" என்றால் சாதாரண விற்பனை மருந்து, "டி" என்றால் பாரம்பரிய மருந்து. பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பார்க்கலாம். "டி" முத்திரை போட்ட, அல்லது எந்த எண்ணுமே இல்லாத அரிப்பு ஜாமுவும் உடம்பு தேற்றும் மாத்திரையும் ஒரே நாளில் கேட்டுவிட்டால் மகிழ்ச்சிக்குப் பதில் சந்தேகம் வர வேண்டும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும், பசியைத் தூண்டும் சைப்ரோஹெப்டடின் என்ற ஆன்டிஹிஸ்டமினும் கலந்த பொருள்களைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஊரிலிருந்து வருகிறவர் பெட்டியில் கொண்டுவரும் மாத்திரை அவரவர் உபயோகத்துக்கு, ஒரு மாத அளவுக்கு மேற்படாமல் இருக்கலாம். அதைக் கிள்ளான் தெங்கு கெலானா சாலையில் கடை போட்டு விற்றால் மருந்து விற்பனைச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கே 25,000 வெள்ளி வரை அபராதமோ 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ.

பக்கவிளைவு வந்தால் மருத்துவரிடம் சொல்வதோடு, அதே ஒழுங்குமுறை நிறுவனத்துக்குப் பயனீட்டாளரே நேரடியாகப் புகார்ப் படிவம் அனுப்பலாம். குழந்தை மருந்தை எடுத்துக் குடித்துவிட்டது, பெரியவர் இரட்டிப்பாய் உண்டுவிட்டார் என்றால் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தை 1-800-88-8099 என்ற எண்ணில் கேளுங்கள். மயக்கமோ வலிப்போ இருந்தால் நேரே 999தான். விலை எழுதாத கடையைப் பற்றி உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடமும், பெயர் எழுதாத பொட்டலத்தையும் மருந்தாளர் இல்லாத விற்பனையையும் பற்றிச் சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவிடமும் புகார் செய்யலாம். மருத்துவரின் நடத்தை பற்றிய குறை மலேசிய மருத்துவ மன்றத்துக்குப் போக வேண்டும். பலர் பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்துக்கு ஓடிப்போய் ஏமாந்து திரும்புகிறார்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவர்களும் மருத்துவ நிலையங்களும் தரும் சிகிச்சைச் சேவையைத் தன் வரம்பிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. கிளினிக்கில் நடந்த தவறான சிகிச்சைக்கு இழப்பீடு வேண்டுமென்றால் வழக்கறிஞரைப் பார்த்து உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். அங்கே முதலில் கேட்கப்படுவது பெயரும் தேதியும் எழுதிய அந்தப் பொட்டலமும் பில்லும்தான்.