ஊசியும் உப்பள வெயிலும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடப்போருக்கு உப்பளங்கள் கண்ணுக்கினிய காட்சி. அங்கு உழைப்போருக்கு அவை முகத்தில் கோடுகளாகப் பதிகின்றன. தலைத்துணி மேலிருந்து விழும் வெயிலைத்தான் தடுக்கும். வெண்ணிற உப்பும் பாத்தி நீரும் எதிரொளிக்கும் வெயில், கீழிருந்து மோவாயையும் வாயோரத்தையும் தாக்குகிறது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் சிதைகிறது.

வாயோரக் கோடுகளை மென்மையாக்க நகர மருத்துவமனைகளில் இருவகை ஊசிகள் போடப்படுகின்றன. போட்யூலினம் நச்சு, நரம்பின் ஆணை தசையை எட்டாமல் தடுத்து அதைத் தளர்த்துகிறது; 3, 4 மாதங்களில் பயன் தேய்ந்துவிடும். ஹையலூரானிக் அமில நிரப்பி, பள்ளத்தை உள்ளிருந்து உயர்த்துகிறது. நச்சின் அளவோ இடமோ பிசகினால் சிரிப்பு கோணும், பேச்சு குழறும். நிரப்பி இரத்தக்குழாயில் புகுந்தால் தோல் அழுகலாம், பார்வையும் பறிபோகலாம். எனவே அழகு நிலையங்களை நாடாமல், பயிற்சி பெற்ற மருத்துவரிடமே இச்சிகிச்சையைப் பெற வேண்டும்.

ஆனால் எந்த ஊசியும் வெயிலின் தாக்குதலை நிறுத்துவதில்லை. வசதியுள்ளோர் சுருக்கத்தைப் பணம் கொடுத்துத் தள்ளிப்போடலாம். உப்பளத் தொழிலாளருக்குத் தேவை தடுப்பு: பாத்தியோரம் நிழற்கூடம், முகத்தை மறைக்கும் துணி, குளிர்கண்ணாடி, முறையான தோல் பரிசோதனை. இவற்றை அளிப்பது உப்பள உரிமையாளர்களின், அரசின் கடமை.