துறை தவறினால் தூரம் கூடும்

பாஸ்டன் துறைமுகத் தீவுகளுக்குத் துடுப்புப் போட்டுப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வரைபடத்தை அல்ல, கடிகாரத்தை

வரைபடத்தில் எல்லாம் சுலபம். பாஸ்டன் துறைமுகத்தின் தென்கிழக்கு மூலையில் ஹல் என்ற ஊர் ஒரு கொக்கியைப் போலக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. அதன் நுனியில் பெம்பர்டன் முனை. எதிரே பெடக்ஸ் தீவு. இடையில் அரைக் கிலோமீட்டர்கூட இல்லாத நீர். காலை நீட்டி உட்கார்ந்து, இரு முனையிலும் அலகுள்ள துடுப்பால் வலிக்கும் ஒல்லியான கயாக் படகை இங்கே இறக்கினால் பத்து நிமிடத்தில் தீவு. அப்படித்தான் தோன்றும்.

ஒரு கோடையில் தம்பி வீட்டுக்குப் போயிருந்த எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கரையை விட்டு ஐம்பது அடி போவதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. படகின் மூக்கு தீவைப் பார்த்திருக்க, படகோ பக்கவாட்டில் வடக்கே, திறந்த கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வந்த தம்பி கத்தியது காதில் விழவில்லை. இருவரும் வலித்து வலித்து, முனையைச் சுற்றி மறுபக்கக் கல் கரையில் ஒதுங்கியபோது கைகள் நடுங்கின. தீவைத் தொடவேயில்லை.

காரணம் எளிது. பாஸ்டனில் கடல்மட்டம் ஆறு மணி நேரச் சொச்சத்தில் சராசரியாக 2.9 மீட்டர் ஏறும். அடுத்த ஆறு மணியில் அதே அளவு இறங்கும். சென்னைக் கரையில் ஒரு மீட்டரே பெரிது. (மும்பை வாசகர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம்.) ஹிங்ஹம் விரிகுடாவுக்குள் ஏறிய அத்தனை நீரும் வெளியேறப் பெடக்ஸ் தீவின் இருபுறமும் உள்ள இரண்டு இடுக்குகள்தாம் வாசல். அதில் ஒன்றுதான் நான் கடக்கப் பார்த்தது. ஃபெர்ரிப் படகுகளுக்கும் அதுவே பாதை. நம் மீனவர்கள் இந்த இழுப்பை நீவாடு என்பார்கள். அகராதியைப் பார்த்து 'நீரோட்டம்' என்றே மொழிபெயர்த்துப் பழகிய எனக்கு அந்தச் சொல்லின் எடை அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்தத் துறைமுகத்தில் ஆசையாகப் படகு விடுவதே அண்மைக்கால வழக்கம். 1988 அதிபர் தேர்தலின்போது மூத்த ஜார்ஜ் புஷ் இங்கே படகில் வந்து, நீரின் அழுக்கைக் காட்டியே எதிர் வேட்பாளரான மாசசூசெட்ஸ் ஆளுநர் டுகாகிஸைத் தாக்கினார். அதற்கு முன்பே நீதிமன்றம் தலையிட்டு, சுத்திகரிப்பு வேலை தொடங்கியிருந்தது. டீர் தீவில் பிரம்மாண்டமான கழிவுநீர் ஆலை எழுந்தது. 2000 முதல் சுத்திகரித்த நீர் சுமார் 15 கிலோமீட்டர் சுரங்கக் குழாய் வழியாக வெளிக்கடலுக்குப் போகிறது. இடையே 1996இல் 34 தீவுகளும் தீபகற்பங்களும் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியாகின. நகரக் குப்பைமேடாக இருந்த ஸ்பெக்டகிள் தீவு, பாஸ்டனின் நெடுஞ்சாலைச் சுரங்கத்துக்குத் தோண்டிய மண்ணால் மூடப்பட்டு, 2006இல் பூங்காவாகத் திறந்தது.

சரி, எங்கே இறங்குவது? ஸ்பெக்டகிள் தீவுக்குத் தென் பாஸ்டன் கடற்கரை கிட்டம். ஆனால் கப்பல்களும் விசைப்படகுகளும் கிளப்பும் அலைகளுக்குப் பழகியிருக்க வேண்டும். க்வின்ஸியின் வொலஸ்டன் கடற்கரை பார்க்க அழகு. வற்றும் நேரத்தில் நீர் வெகுதூரம் பின்வாங்கிவிடும். படகைச் சேற்றில் சுமக்க வேண்டும். வாரன் கோட்டை உள்ள ஜார்ஜஸ் தீவுக்கு (உள்நாட்டுப் போருக்குப் பின் தெற்கு மாநிலங்களின் துணை அதிபர் ஸ்டீபன்ஸ் சிறையிருந்த இடம்) ஹல்தான் வழி என்றாலும் அது தேர்ந்தவர்களுக்கு.

புதியவர்களுக்கு என் சிபாரிசு ஹிங்ஹம். பெடக்ஸைவிடத் தொலைவில் இருக்கும் தீவுகளுக்குத்தான் இங்கிருந்து போக வேண்டும். ஆனால் துறைக்குள்ளேயே நான்கு குட்டித் தீவுகள் காவல் நிற்கின்றன. வேர்ல்ட்ஸ் எண்ட் குன்றுகளின் மறைவில் கை பழகிய பிறகே விரிகுடாவுக்குள் நுழைகிறோம். அங்கே ஸ்லேட், கிரேப், பம்ப்கின் தீவுகள். எந்த இடுக்கையும் கடக்க வேண்டாம்.

இங்கேயும் நாள் பார்க்க வேண்டும். காலை எட்டு மணி வாக்கில் நீர் உச்சத்தில் இருக்கும் நாளே உத்தமம். வற்றும் நீர் நம்மைத் தீவுக்குத் தள்ளும்; பிற்பகலில் ஏறும் நீர் திரும்பக் கொண்டு விடும். நேர்மாறான நாளில் போனால் இரண்டு பக்கமும் எதிர்நீச்சல், முடிவில் சேறு. கோடைப் பிற்பகலில் தென்மேற்குக் காற்று எழுந்தால் கணக்கு கொஞ்சம் கெடும். நீர் ஒரு பக்கம், காற்று எதிர்ப்பக்கம் என்றால் சிறிய அலைகூடச் செங்குத்தாகிவிடும்.

வெயிலை நம்பக் கூடாது. மே மாதத்தில் கரையில் சட்டை வியர்க்கும். நீரோ சுமார் 10 டிகிரி செல்சியஸ். கவிழ்ந்தால் சில நிமிடங்களில் விரல்கள் பேச்சைக் கேட்காது. செப்டம்பர் 15 முதல் மே 15 வரை கயாக்கில் லைஃப் ஜாக்கெட் கட்டாயம் என்கிறது மாசசூசெட்ஸ் சட்டம். மற்ற மாதங்களிலும் கழற்ற எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று, கடல் எவ்வளவு ஒத்துழைத்தாலும் கார் நிறுத்துமிடம் ஒத்துழைக்காமல் போகலாம். 'உள்ளூர்வாசிகளுக்கு மட்டும்' பலகை உண்டா என்று முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது.

அடுத்த கோடையில் தம்பியும் நானும் ஹிங்ஹமிலிருந்து கிளம்பினோம். பம்ப்கின் தீவில் இட்லி சாப்பிட்டோம். வற்றிய நீரில் எழுந்த மணல் திட்டின் வழியே, ஹல் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு தீவுக்கு நடந்தே வந்து சேர்ந்தது. திரும்பும்போது அவசரப்பட்டு அரை மணி முன்னதாகத் துறைக்கு வந்துவிட்டோம். சேற்றின் மேல் நீர் அங்குலம் அங்குலமாக ஏறும்வரை படகிலேயே உட்கார்ந்திருந்தோம்.