திரை இருண்டாலும் ‘பேசும்’ விளையாட்டுக் கருவி: சீரியல் கன்சோல் இணைப்பது எப்படி?

கையடக்க வீடியோ கேம் கருவியின் திரை இருண்டுவிட்டால், கோளாறு எங்கே என்று அறிய வழியில்லை எனப் பலரும் அதை ஒதுக்கிவிடுகின்றனர். ஆனால், மூன்று கம்பிகளால் அமையும் ‘சீரியல் கன்சோல்’ இணைப்பு, திரை இயங்காதபோதும் கருவிக்குள் நடப்பதை எழுத்து வடிவில் கணினிக்குத் தெரிவிக்கும்.

அந்தமானின் ஹேவ்லாக் போன்ற தீவுகளுக்கு இது கூடுதல் பயன் தரக்கூடியது. 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்வராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட ஹேவ்லாக், சென்னையிலிருந்து செல்லும் சுமார் 2,300 கி.மீ. நீளக் கடலடி கண்ணாடி இழை கேபிளால் இணைக்கப்பட்டுள்ளது. 2020 ஆகஸ்ட் 10-இல் பிரதமர் நரேந்திர மோடி இதனைத் தொடங்கி வைத்தார். மென்பொருள் கேபிள் வழியே வந்துவிடும். பழுதான கருவியோ கடல் கடந்துதான் செல்ல வேண்டும். கோளாறு மென்பொருளிலா, வன்பொருளிலா என்பதை முதலில் அறிந்தால் வீண் பயணமும் செலவும் குறையும்.

செயல்படும் விதம்

லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்கும் பல கையடக்கக் கருவிகளின் மின்சுற்றுப் பலகையில், தயாரிப்பின்போது சோதனைக்காக அமைக்கப்பட்ட சிறு உலோகப் புள்ளிகள் உள்ளன. ஒன்று தகவலை அனுப்பும், மற்றொன்று பெறும், மூன்றாவது தரை இணைப்பு. கருவியின் அனுப்பும் முனையை, யுஎஸ்பி–சீரியல் மாற்றியின் பெறும் முனையுடன் குறுக்காக இணைக்க வேண்டும். மாற்றியின் மின்வழங்கு கம்பியை இணைக்கக் கூடாது.

மின்னழுத்தம் மிக முக்கியம். இக்கருவிகள் பெரும்பாலும் 3.3 அல்லது 1.8 வோல்ட்டில் இயங்குபவை. பழைய கணினிகளின் சீரியல் முனையை நேரடியாக இணைத்தால், அதன் உயர் மின்னழுத்தம் சில்லைச் சேதப்படுத்திவிடும். எனவே, முதலில் மல்டிமீட்டரால் அளந்து, அதற்குப் பொருந்தும் மாற்றியைத் தேர்வு செய்ய வேண்டும்.

வேகமும் பொருந்த வேண்டும். பரவலாகப் பயன்படும் 1,15,200 பிட் வேகத்தில் நொடிக்கு 11,520 எழுத்துகள் வரை செல்லும். ராக்சிப் நிறுவனச் சில்லுகள் பலவற்றில் இது 15,00,000 பிட். வேகம் தவறினால் பொருளற்ற குறியீடுகளே தோன்றும்.

கோளாறை அறிவது எப்படி?

தொடக்கச் செய்திகள் வந்து, கோப்புகளைப் படிக்கும் கட்டத்தில் நின்றால் நினைவக அட்டை பழுதாகியிருக்கலாம். புதிய அட்டையில் மென்பொருளைப் பதிவதே போதுமானதாக இருக்கக்கூடும். செய்திகள் முழுமையாக ஓடி, பயனர் பெயர் கேட்கப்பட்டால் கருவி இயங்குகிறது என்று பொருள். திரையையோ அதன் இணைப்பு நாடாவையோ சோதிக்க வேண்டும். உப்புக் காற்று வீசும் கடலோரங்களில் இணைப்பு முனைகள் அரிக்கப்படுவது இயல்பு. எழுத்து எதுவுமே வராவிட்டால் கம்பி இணைப்பு, வேகம், மின்வழங்கல் ஆகியவற்றை வரிசையாகச் சரிபார்க்க வேண்டும்.

எனினும், எல்லாக் கருவிகளிலும் இது சாத்தியமில்லை. சில நிறுவனங்கள் இந்த வசதியை முடக்கியே விற்கின்றன. கருவியைத் திறந்தால் உத்தரவாதம் ரத்தாகவும் வாய்ப்புண்டு. லித்தியம் பேட்டரியின் இணைப்பைத் துண்டித்த பின்னரே பற்றவைக்க வேண்டும்; சிறுவர்கள் தனியாக இதில் ஈடுபடக் கூடாது.

பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தை மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கியது. புதிய மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. பழுதான ஒரு கருவி மீண்டும் இயங்கினால், தீவில் சேரும் குப்பையில் ஒன்று குறையும்.