ஆங்கில வழக்கில் நம்மூர்ப் பெயர்கள்

பருத்தித்துறையை ஆங்கிலத்தில் 'பொயின்ற் பீட்றோ' என வழங்கக் கேட்கும் மாணவர், பீட்றோ என்பானொருவன் பெயரால் அவ்வூர் அமைந்ததென எண்ணுவர். அப்பெயரில் ஆளெவரும் இலர். கன்முனை எனப் பொருள்படப் போர்த்துக்கேயர் இட்ட 'பொந்தா தாஸ் பெத்ராஸ்' என்பதே ஆங்கிலேயர் நாவில் ஆட்பெயராய்த் திரிந்தது. பருத்தி வாணிகத்தை நினைவூட்டும் தமிழ்ப் பெயரோடு அதற்கு யாதொரு தொடர்புமில்லை. ஆங்கிலப் பெயரை மட்டும் அறிந்தார்க்குக் கல்லும் இல்லை, பருத்தியும் இல்லை! ஊர்காவற்றுறைக்கு வழங்கும் 'கயிற்ஸ்' என்பதும், துறைமேடையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லின் சிதைவேயாம். ஒல்லாந்தரோ தந்நாட்டு நகர்ப் பெயர்களையே நம் தீவுகளுக்குச் சூட்டினர். இன்று காரைநகர் எனப்படும் காரைதீவு அம்ஸ்ரடாம் ஆயிற்று. வேலணை லெய்டன், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பேர்க். இவற்றோடு நெடுந்தீவுக்கு இட்ட 'டெல்வ்ற்' என்பதே இன்றும் ஆங்கிலத்தில் பெருவழக்காயுள்ளது. ஏனையவை பெரிதும் நிலப்படத்தளவில் நின்றன. ஊரவர் நாவில் ஏறவில்லை.