கித்தாரின் குமிழும் ஓசையும்



கேமரன் மலையில் நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்கு மின் கித்தார் வாசித்தான். ஓசை கம்பளி போர்த்தியதுபோல் மங்கிக் கேட்டது. கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் கெட்டுவிட்டதென்று, புதிதாய் வாங்கக் கூலிப் பணத்தை எடுத்தார் தகப்பனார். நாங்கள் கித்தாரைத் திறந்து பார்த்தோம். ஒலிக் குமிழ், பழைய டிரான்சிஸ்டர் வானொலியில் கழற்றிய 10 கிலோ ஓம் குமிழ்!

தேயிலைச் சரிவில் வடிகால் அகலமானால் நீர் அதிகம் ஓடிவிடும் அல்லவா? ஒலிக் குமிழும் ஒரு வடிகாலே. அதன் மின்தடை குறையக் குறைய, முழுதாகத் திறந்து வைத்தாலும் கூர்மையான ஓசைகள் முதலில் வடிந்துவிடும்.

ஒற்றைச் சுருள் பிக்கப் இயல்பிலேயே கூர்மையானது. 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் இவ்வகை. இதற்கு 250 கிலோ ஓம் பொருந்தும். இரட்டைச் சுருள் ஹம்பக்கர் சற்றுக் கனத்த ஓசை தருவது. இதற்கு 500 கிலோ ஓம். தொனிக் குமிழுக்கும் பெரும்பாலும் அதே அளவுதான், அதனுடன் 0.022 அல்லது 0.047 மைக்ரோபாரட் மின்தேக்கி ஒன்றை இணைப்பார்கள். 0.047 ஓசையை அதிகம் மந்தமாக்கும்.

தகுந்த குமிழை மாற்றினோம். பழைய பிக்கப்பே கணீரென்று பேசியது. பெரிய செலவுக்கு முன் சிறிய உறுப்பைச் சோதிப்போம்.