குளிரில் மெத்தனமான ரப்பர் வளையம்

சேலஞ்சர் விண்ணோடத்தின் திட எரிபொருள் பூஸ்டர்களில், உருளைப் பகுதிகள் சேரும் மூட்டுகளை அடைத்த ‘ஓ-ரிங்’ ஃப்ளூரோகார்பன் ரப்பராலான வளையம்: தடிமன் சுமார் 7 மி.மீ., விட்டம் 3.7 மீட்டர். 1986 ஜனவரி 28 அன்று உறைநிலையை ஒட்டிய குளிரில் ஏவப்பட்ட ஓடம் 73 வினாடிகளில் சிதறியது. ஏழு பேர் மாண்டனர். பிப்ரவரி 11 அன்று விசாரணைக் குழுவின் முன் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் இந்த ரப்பர்த் துண்டொன்றைக் கவ்வியில் இறுக்கி ஐஸ் தண்ணீரில் இட்டார். கவ்வியைக் கழற்றிய பிறகும் சில வினாடிகளுக்கு அது பழைய வடிவுக்குத் திரும்பவில்லை.

ரப்பர் உறைந்துவிட்டது என்று இதைச் சொல்வதுண்டு. வெப்பப் பகுப்பாய்வு அதை ஏற்காது. இவ்வகை ரப்பர் கண்ணாடிபோல் விறைப்பது ஏறத்தாழ −20 டிகிரி செல்சியஸில். பிறகு வளையம் ஏன் மூட்டை அடைக்கத் தவறியது? அந்த வெப்பநிலையை நெருங்குவதற்கு வெகு முன்பே மூலக்கூறுச் சங்கிலிகளின் அசைவு மந்தமாகிவிடுகிறது. அழுத்தினால் எவ்வளவு அமுங்கும், விட்டால் எவ்வளவு நேரத்தில் மீளும் என்று அளக்கும் ரியாலஜிதான் இதைக் காட்டும். −1 டிகிரியைவிட 24 டிகிரியில் வளையம் ஐந்து மடங்கு விரைவாக மீளும் என்கிறது விசாரணை அறிக்கை. மூட்டின் வடிவமைப்பும் பிழையானதுதான். ஆனால் பற்றவைத்ததும் அந்த மூட்டு விரிய ஒரு வினாடிகூட ஆகாது. குளிர்ந்த வளையம் மீண்டு இடைவெளியை அடைக்க அந்த அவகாசம் போதவில்லை.